உள் தையல் ஆற நாள் கொடுங்கள்!

ஆபரேஷன் நடந்து எட்டாவது நாள்.

நர்சு வந்தார். வயிற்றில் இருந்த தையலைப் பிரித்தார். "புண் நன்றாக ஆறிவிட்டது" என்றார்.

வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

மூன்றாவது மாதம் அந்தப் பெண் கைக்குழந்தையோடு புருஷன் வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே இடுப்பில் தண்ணீர்க் குடம் ஏறியது. குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது அவள் மறுபடியும் கர்ப்பம்.

"ஏன் அம்மா, இவ்வளவு அவசரம்?" என்று அவளுடைய மாமியாரைக் கேட்டேன்.

"அவசரம் என்ன? புண்தான் ஆறிப் போச்சே! இரண்டையும் சேர்த்து வளர்த்துவிடலாம்" என்றார் அந்த அம்மாள்.

அவர் கெட்டவர் அல்ல. மருமகள் மேல் பிரியம் உள்ளவர்தான். ஆனால், அவர் பார்த்தது வெளியே இருந்த தழும்பை. உள்ளே இருந்த தழும்பை அவர் பார்க்கவில்லை. அந்த வீட்டில் யாருமே பார்க்கவில்லை.

பார்க்கவும் முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புண் இரண்டு

சிசேரியன் ஆபரேஷனில் டாக்டர் முதலில் வயிற்றுத் தோலை அறுக்கிறார். அதன் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாக அறுத்தும் விலக்கியும் உள்ளே போகிறார். கடைசியில் கர்ப்பப்பையை அறுக்கிறார். அந்த வழியாகத்தான் பிள்ளை வெளியே வருகிறது.

ஆகவே, புண் இரண்டு. ஒன்று வயிற்றின் மேல். இன்னொன்று கர்ப்பப்பையில்.

மேல் புண் ஒரு வாரம், பத்து நாளில் மூடிக்கொள்கிறது. அதைக் கண்ணால் பார்க்கிறோம். தொட்டுப் பார்க்கிறோம்.

உள் புண் ஆறுவதற்கு மாதக் கணக்கில் ஆகும். அதை யாரும் பார்ப்பதில்லை.

அடுத்த பிள்ளையைத் தாங்கப் போவது எது? மேல் புண் அல்ல. உள் புண்தான். இதை மறக்கலாமா?

இது நாலைந்து வீட்டுச் சங்கதி அல்ல. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறத்தாழ 45 பிரசவம் சிசேரியன். இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால் 100-க்கு 21 அல்லது 22-தான். தமிழ்நாட்டில் அதைப்போல இரண்டு மடங்கு!

உங்கள் தெருவிலே எத்தனை தாய்மாருக்கு இந்த உள் தழும்பு இருக்கும்? எண்ணிப் பாருங்கள்.

தையல் போடாத காலம்

ஒரு காலத்தில் கர்ப்பப்பைக்குத் தையலே போடமாட்டார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள். உண்மை அதுதான்.

150 ஆண்டுகளுக்கு முன்பு வரை, வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்ததும், பெரும்பாலான டாக்டர்கள் கர்ப்பப்பையை அப்படியே விட்டு வயிற்றை மூடினார்கள். கர்ப்பப்பை தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நினைத்தார்கள். உள்ளே தையல் போட்டால் பிறகு அதை எப்படிப் பிரிப்பது என்றும் பயந்தார்கள். தாய்மார்கள் ரத்தம் கொட்டி இறந்தார்கள். சீழ் பிடித்து இறந்தார்கள்.

1876-ல் இத்தாலியில் போர்ரோ என்ற டாக்டர் ஒரு வழி கண்டார். பிள்ளையை எடுத்தார். கூடவே கர்ப்பப்பையையும் அறுத்து எடுத்துவிட்டார். தாய் பிழைத்தாள். ஆனால், அவளுக்கு இனி ஒரு பிள்ளை கிடையாது.

1882-ல் ஜெர்மனியில் சேங்கர் என்ற டாக்டர் வேறு வழி சொன்னார். கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம், அதை ஒழுங்காகத் தைத்தால் போதும் என்றார். வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் தைக்கும் முறையை எழுதினார்.

தாயும் பிழைத்தாள். கர்ப்பப்பையும் பிழைத்தது. அடுத்த பிள்ளைக்கு வழி பிறந்தது.

அன்றைக்கே ஒரு கேள்வியும் பிறந்தது. தைத்த கர்ப்பப்பை அடுத்த பிள்ளையைத் தாங்குமா?

இன்றைக்கும் கேள்வி அதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

பிள்ளை பிறந்ததும் கர்ப்பப்பையின் எடை ஏறத்தாழ 1 கிலோ. ஒரு வாரத்தில் அது அரைக் கிலோ ஆகிறது. இரண்டு வாரத்தில் 300 கிராம். ஆறு வாரத்தில் 100 கிராம், அல்லது அதற்கும் கீழே.

ஒரு கிலோ உறுப்பு ஆறே வாரத்தில் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது! அந்தச் சுருக்கத்துக்கு நடுவிலேதான் தையலும் ஆற வேண்டும்.

தையல்காரரைக் கேட்டுப் பாருங்கள். புதுப் பருத்தித் துணியை நனைத்துக் காய வைத்த பிறகுதான் தைப்பார். இல்லாவிட்டால் முதல் சலவையிலே துணி சுருங்கித் தையல் கோணிக்கொள்ளும். கர்ப்பப்பையை நனைத்துக் காய வைத்துத் தைக்க முடியுமா? பெரிதாக இருக்கும்போதே தைக்கிறார்கள். பிறகு அது சுருங்குகிறது. தையலும் அதோடு சேர்ந்து இழுபடுகிறது.

வெட்டிய இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. பிறகு ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் வந்து கிருமியையும் செத்த சதையையும் அப்புறப்படுத்துகின்றன. அதற்குப் பிறகு நூல் நூலாகப் புது நார் உண்டாகிறது. ஓரங்களிலிருந்து சிறு ரத்தக் குழாய்கள் வளர்ந்து வருகின்றன. கொஞ்சம் சதையும் வளருகிறது. ஆனால், பழைய சதை அப்படியே திரும்பி வந்துவிடுவதில்லை. அந்த இடத்தில் பெரும்பாலும் நார்தான் இருக்கும்.

கிழிந்த வேட்டியில் ஒட்டுப் போட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வேட்டியைக் கட்டலாம். ஆனாலும் ஒட்டு ஒட்டுதான்.

டாக்டர் போட்ட நூல் எங்கே போகிறது? இப்போது பெரும்பாலும் போடுவது உடம்பிலே கரைந்துவிடும் நூல். சில வாரத்தில் அதன் பலம் போய்விடுகிறது. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் நூலே இருக்காது. அதன் பிறகு கர்ப்பப்பையைப் பிடித்துக்கொண்டிருப்பது தாயின் சொந்த உடம்புதான்.

துருக்கி நாட்டு டாக்டர்கள், சிசேரியன் ஆன ஒரு சில தாய்மாரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 1997-ல் அதை வெளியிட்டார்கள். தழும்பு முற்றுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது. கர்ப்பப்பைச் சுவர் பழைய நிலைக்கு வருவதற்குக் குறைந்தது ஆறு மாதம் ஆனது.

எட்டாம் நாள் எங்கே? ஆறு மாதம் எங்கே?

ஒரு வரிசையா, இரண்டு வரிசையா?

"உங்களுக்கு ஒற்றைத் தையலா, இரட்டைத் தையலா?" என்று தாய்மார்கள் ஒருவரை ஒருவர் கேட்பது உண்டு. இதைச் சொல்லி டாக்டரிடம் சண்டை போடுகிறவர்களும் உண்டு.

இந்தியா உள்பட ஏழு நாடுகளில் 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கர்ப்பப்பையை ஒரு வரிசையாகத் தைத்தால் நல்லதா, இரண்டு வரிசையாகத் தைத்தால் நல்லதா, எந்த நூல் நல்லது என்று பார்த்தார்கள். மூன்று ஆண்டு கழித்தும் அந்தத் தாய்மாரைத் தேடிப் போய்க் கேட்டார்கள். அந்த முடிவு 2016-ல் வந்தது. பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

ஆகவே, தையலை டாக்டரிடம் விட்டுவிடுங்கள். அது அவர் வேலை. தையல் ஆறுவதற்கு நாள் கொடுப்பது நம் வேலை. நம் வேலையை நாம் செய்கிறோமா?

மேல் வெட்டு, கீழ் வெட்டு

கர்ப்பப்பையை எந்த இடத்தில் வெட்டினார்கள் என்பது முக்கியம்.

ஆதியில் மேல் பாகத்தில் நெடுக்காக வெட்டினார்கள். அந்தப் பாகம் தடித்த சதை. பிரசவத்துக்குப் பிறகும் அது சுருங்கிச் சுருங்கி விரியும். புண்ணின் இரண்டு ஓரங்களும் ஓயாமல் இழுபட்டால் எப்படி ஆறும்?

1881-ல் ஜெர்மனியில் கேரர் என்ற டாக்டர் ஒரு கிராமத்தில் ஆபரேஷன் செய்தார். கீழ்ப் பாகத்தில் குறுக்காக வெட்டினார். தாய் பிழைத்தாள். பிற்பாடு ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்தில், மன்றோ கெர் என்ற டாக்டர் கீழ் வெட்டை எங்கும் பரவச் செய்தார். கீழ்ப் பாகம் மெல்லியது. பிரசவத்துக்குப் பிறகு அமைதியாக இருப்பது. ரத்தமும் குறைவாகப் போகும். ஆகவே, புண் நன்றாகக் கூடும்.

இப்போது பெரும்பாலோருக்குக் கீழ் வெட்டுத்தான். உங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டில் 'எல்.எஸ்.சி.எஸ்.' என்று நான்கு எழுத்து இருந்தால், அதற்குக் கீழ் வெட்டு என்று அர்த்தம்.

சில சமயம் மேல் வெட்டும் தேவைப்படுகிறது. குறை மாதப் பிள்ளை, குறுக்கே கிடக்கும் பிள்ளை, வழியை மறைத்த நஞ்சுக்கொடி போன்ற காரணங்களால் டாக்டர் அப்படிச் செய்யலாம்.

இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? கீழ் வெட்டு உள்ள தாய்க்கு மறுபடி பிரசவ வலி எடுத்தால், தழும்பு பிரிவது 200 பேரில் ஒருவருக்கு. மேல் வெட்டு உள்ளவருக்கு 100 பேரில் 4 முதல் 9 பேருக்கு.

தழும்பு பிரிந்தால் தாய்க்கு வயிற்றுக்குள்ளே ரத்தம் கொட்டும். பிள்ளைக்கு மூச்சு முட்டும். மணிக் கணக்கு அல்ல, நிமிடக் கணக்கு.

போகியில் எரிந்த காகிதம்

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. முதல் பிள்ளை சிசேரியன். பொங்கலுக்கு வெள்ளை அடித்தார்கள். பழைய பாய், பழைய துணி எல்லாம் போகியில் போட்டார்கள். அவற்றோடு ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டும் போயிற்று. "பிள்ளைதான் நன்றாக இருக்கிறதே, இது எதற்கு?" என்று எரித்துவிட்டார்கள்.

இரண்டாவது பிள்ளைக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"உள்ளே எப்படி வெட்டினார்கள்?" என்று டாக்டர் கேட்டார்.

கணவன் மனைவியைப் பார்த்தான். மனைவி தாயாரைப் பார்த்தாள். யாருக்கும் தெரியாது.

"தழும்பு குறுக்கே இருக்கிறதே, பாருங்கள் டாக்டர்" என்றாள் அந்தப் பெண்.

மேலே இருக்கும் தழும்பு உள்ளே இருக்கும் வெட்டைச் சொல்லாது! மேலே குறுக்காக இருக்கும். உள்ளே நெடுக்காக இருக்கலாம். அதைச் சொல்லக்கூடியது அந்தக் காகிதம்தான். அதுவோ சாம்பலாகிவிட்டது.

வீட்டுப் பத்திரத்தை எங்கே வைக்கிறீர்கள்? பீரோவில், நகையோடு வைக்கிறீர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டையும் அங்கேயே வையுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு அதுவும் ஒரு பத்திரம்தான்.

இரண்டு ஆண்டு ஏன்?

"ஆறு மாதத்தில் ஆறிவிடும் என்கிறீர்கள். பிறகு எதற்கு இரண்டு ஆண்டு?" என்று கேட்கலாம்.

நல்ல கேள்வி. புதுச் சுவர் காய்வது வேறு. அதன் மேல் மச்சு ஏற்றுவது வேறு. ஆறு மாதத்தில் கர்ப்பப்பை ஓய்வு நிலைக்கு வருகிறது. மறுபடி ஒரு பிள்ளையைச் சுமந்து, பத்தாம் மாதம் பிரசவ வலியின் வேகத்தையும் தாங்குவது அதைவிடப் பெரிய காரியம்.

அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. சிசேரியனுக்குப் பிறகு சுகப் பிரசவத்துக்கு முயன்ற தாய்மாரைக் கணக்கு எடுத்தார்கள். 2001-ல் முடிவு வந்தது. இரண்டு பிரசவத்துக்கும் நடுவே 18 மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களில், 100-க்கு 2 பேருக்கு மேல் தழும்பு பிரிந்தது. அதைவிட அதிக இடைவெளி விட்டவர்களில் 100-க்கு ஒருவருக்குத்தான் பிரிந்தது.

தழும்பு மட்டும் அல்ல. பிள்ளை பெற்ற உடம்பில் ரத்தம் ஊற வேண்டும். பால் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையை வளர்க்க வேண்டும். ஒரு பிரசவம் ஆன பிறகு 24 மாதமாவது கழித்துத்தான் மறு கர்ப்பம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. எல்லாத் தாய்மாருக்கும் சொன்னது அது. தழும்பு உள்ள தாய் அதைக் கட்டாயம் கேட்க வேண்டாமா?

கணவன்மாரே! இது மனைவி ஒருத்தியின் பொறுப்பு அல்ல. ஆணுறை இருக்கிறது. சிசேரியன் நடக்கும்போதே கர்ப்பப்பையில் காப்பர்-டி வைத்துவிடலாம். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மாத்திரையும் ஊசியும் இருக்கின்றன. அரசாங்க ஆஸ்பத்திரியில் கேட்டால் சொல்வார்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். மனைவி உயிரைவிட வெட்கம் பெரிதா?

ஏற்கெனவே சீக்கிரமாகக் கர்ப்பம் ஆகிவிட்டதா? பயப்பட வேண்டாம். ஆனால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக் கலைக்காதீர்கள். தழும்பு உள்ள கர்ப்பப்பைக்கு அது பெரிய ஆபத்து. உடனே டாக்டரிடம் போங்கள்.

கோபுரத்து அரசஞ்செடி

கோவில் கோபுரத்தில் ஒரு சிறு வெடிப்பு இருக்கும். அதிலே அரசஞ்செடி முளைக்கும். வேர் கல்லுக்குள்ளே இறங்கிவிடும். செடியைப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும்.

கர்ப்பப்பைத் தழும்பிலும் இப்படி நடப்பது உண்டு. சிலருக்குத் தழும்பிலேயே கரு ஒட்டிக்கொள்கிறது. இது அபூர்வம். ஆனால், சீக்கிரம் கண்டுபிடிக்காவிட்டால் ஆபத்து. ஆகவே, நாள் தள்ளிப் போனதும் டாக்டரிடம் காட்டி, ஆறாவது ஏழாவது வாரத்திலேயே ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிலருக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறைத்து உட்காருகிறது. அங்கே பழைய தழும்பு இருந்தால், அதற்குள் வேர் விட்டுவிடலாம். பிள்ளை பிறந்த பிறகும் நஞ்சு பிரியாது. ரத்தம் கொட்டும். சில சமயம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும்.

30 ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரை வைத்து அமெரிக்காவில் எடுத்த கணக்கு 2006-ல் வந்தது. நஞ்சுக்கொடி இப்படி வழியை மறைத்த தாய்மாரில், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களாக இருந்தால் 100-க்கு 11 பேருக்கு நஞ்சு வேர் விட்டிருந்தது. இரண்டு ஆனவர்களில் 100-க்கு 40 பேர். மூன்று ஆனவர்களில் 61 பேர்.

தழும்பு ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. ஆகவே, முதல் தழும்பு தேவைதானா என்று முதலிலேயே யோசிக்க வேண்டும்.

தாயையோ பிள்ளையையோ காப்பாற்றத் தேவை என்றால், ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். அதிலே தயக்கமே கூடாது. ஆனால், ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்துக்காக வயிற்றை அறுக்கலாமா? வலிக்குப் பயந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாமா? முன்னே சொன்ன கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் 100-க்கு 36 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரியில் 100-க்கு 64. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்ன என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு.

பத்தியம் என்ற பெயரில்

புண் ஆறுவதற்குப் பொருள் வேண்டும். சுவர் கட்ட செங்கல் வேண்டாமா? உடம்புக்குச் செங்கல், பருப்பும் முட்டையும் மீனும் பாலும்.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? "பருப்புப் போட்டால் சீழ் பிடிக்கும்." "முட்டை கூடாது." "தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும்." இப்படிச் சொல்லி, புண் ஆற வேண்டிய நேரத்திலேயே வயிற்றைக் காயப் போடுகிறோம்!

பருப்பினால் சீழ் பிடிக்காது. கிருமியினால்தான் சீழ் பிடிக்கும். தண்ணீர் குடிக்காவிட்டால் பால் கொடுக்கும் தாய் வாடிப் போவாள்.

பூண்டுக் குழம்பு வையுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு பருப்பும், முருங்கைக்கீரையும், முட்டையும் வையுங்கள். டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று அதே கணக்கெடுப்பு சொல்லுகிறது. ரத்தம் இல்லாத உடம்பில் புண் எப்படி ஆறும்?

தாய் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. மெதுவாக நடக்கலாம், நடக்கவும் வேண்டும். ஆனால், ஆறு வாரமாவது குடம் தூக்க விடாதீர்கள். அரிசி மூட்டையை நகர்த்த விடாதீர்கள்.

காய்ச்சல், நாற்றம் உள்ள கசிவு, அதிக ரத்தப் போக்கு, புண்ணில் சீழ், கால் வீக்கம் - இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று. சிலருக்கு உள் தழும்பில் சிறு குழி விழுவது உண்டு. பலருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இராது. சிலருக்கு மட்டும் மாத விலக்கு முடிந்த பிறகும் பல நாள் கறுப்பாகத் துளித் துளியாகப் படும். "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

மறுபடி சுகப் பிரசவம் ஆகுமா?

1916-ல் நியூயார்க்கில் கிரேகின் என்ற டாக்டர், ஒரு தடவை சிசேரியன் ஆனால் எப்போதும் சிசேரியன்தான் என்று எழுதினார். அது மேல் வெட்டுக் காலம். இப்போது அப்படி இல்லை.

ஒரு தடவை கீழ் வெட்டு ஆபரேஷன் ஆகி, மற்றக் காரியங்களும் சரியாக இருந்தால், சுகப் பிரசவத்துக்கு முயலலாம். டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். முயன்றவர்களில் நான்கு பேருக்கு ஏறத்தாழ மூன்று பேர் சுகமாகப் பெறுகிறார்கள்.

ஆனால், ஒரு நிபந்தனை. நினைத்த நேரத்தில் ஆபரேஷன் செய்யவும் ரத்தம் ஏற்றவும் வசதி உள்ள ஆஸ்பத்திரியில்தான் முயல வேண்டும். தழும்பு உள்ள தாய் வீட்டில் பிரசவிக்கக் கூடாது. கண்டவர்களிடம் வலி ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. கர்ப்ப காலத்தில் திடீர் வயிற்று வலி, ரத்தம், பிள்ளை அசைவு குறைதல் - எது கண்டாலும் 108-க்குப் போன் செய்யுங்கள்.

ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு வார்த்தை

தாய்மாரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை.

ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது கொடுக்கும் சீட்டு இங்கிலீஷில் இருக்கிறது. அதிலும் பாதி சுருக்கெழுத்து. நாலாவது வகுப்புப் படித்த தாய்க்கு அது எப்படிப் புரியும்? புரியாத காகிதத்தைப் போகியில் போட்டால், தவறு யாருடையது?

தமிழில் ஆறு வரி எழுதிக் கொடுங்கள். 'இன்ன தேதியில் ஆபரேஷன். இன்ன காரணம். கர்ப்பப்பையில் கீழ் வெட்டு, அல்லது மேல் வெட்டு. இன்ன தேதி வரை மறு கர்ப்பம் வேண்டாம். அடுத்த பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில். இந்தச் சீட்டைப் பத்திரமாக வைக்கவும்.'

இவ்வளவுதான். இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். தையலைப் பிரிக்கும் நர்சும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லட்டும்: "மேல் புண் ஆறிவிட்டது, உள் புண் ஆற இன்னும் நாள் ஆகும்."

அந்தப் பெண் என்ன ஆனாள்?

ஆரம்பத்தில் சொன்னேனே, எட்டாவது மாதத்தில் மறுபடி கர்ப்பமான பெண். அவள் பிழைத்துக்கொண்டாள். நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வலி எடுப்பதற்கு முன்பே டாக்டர் தேதி குறித்து ஆபரேஷன் செய்தார். பிள்ளையும் சுகம்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்து சொன்னார்: "பழைய தழும்பு வெங்காயச் சருகுபோல மெலிந்துவிட்டது. அதன் வழியே பிள்ளையின் தலைமுடி தெரிந்தது. வலி எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது."

மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அந்தத் தெருவில் யாருக்குச் சிசேரியன் ஆனாலும் முதலில் போய் நிற்பவர் அந்த அம்மாள்தான். "மேலே பார்த்து ஏமாறாதே. உள்ளே இருக்கிறது தையல். இரண்டு வருஷம் போகட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் பிள்ளையையே தூக்குகிறார்.

படிக்காத அந்த அம்மாளுக்குப் புரிந்தது நமக்குப் புரியாதா?

தாயின் வயிற்றில் உள்ள தழும்பு நம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை நினைவில் வைத்திருப்பதுதான் குடும்பத்தின் கடமை. இன்றைக்கே பீரோவைத் திறந்து அந்தக் காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள்!